சந்தாவை நம்பி வேலையை விடலாமா?

கேள்வி: கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் மாதம் 55,000 ரூபாய் சம்பளம் வாங்குகிறேன். ஓய்வு நேரத்தில் நான் எழுதும் நியூஸ்லெட்டரை 4,000 பேர் மின்னஞ்சலில் இலவசமாகப் பெறுகிறார்கள். மாதம் 150 ரூபாய் சந்தா வைத்துவிட்டு முழுநேரமும் எழுதலாம் என்றிருக்கிறேன். சரிவருமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இலவசமாகப் படிப்பவர்களில் 5 சதவீதம் பேர் பணம் கட்ட முன்வந்தாலே நல்ல தொடக்கம்தான். அப்படி 200 பேர் சேர்ந்தால் மாதம் 30,000 ரூபாய் வரும். வசூலித்துத் தரும் நிறுவனம் 2 சதவீதக் கட்டணமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடித்தால் 708 ரூபாய் குறையும். இந்தப் பிடித்தத்தைவிட, விலகிப் போகும் வாசகர்களால்தான் கணக்கு உதைக்கும். மாதந்தோறும் 5 சதவீதம் பேர் விலகி, புதிதாக யாரும் சேராவிட்டால், ஓராண்டு முடிவில் அந்த 200 பேரில் சுமார் 108 பேரே மிஞ்சுவார்கள்.

ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலிருந்து சந்தா தானாக எடுக்கப்படும் ஒவ்வொரு முறையும் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக வாசகருக்கு அறிவிப்பு போக வேண்டும். நுகர்வோருக்கு நல்ல விதி. உங்களுக்கோ, வாசகர் 'நிறுத்திவிடலாமா' என்று யோசிக்க ஆண்டுக்கு 12 தருணங்கள். ஆகவே 1,500 ரூபாய் ஆண்டுச் சந்தாவையே முன்னிறுத்துங்கள்.

ஆனால் 100 பேர் ஒரே மாதத்தில் கட்டி, 1,50,000 ரூபாய் கணக்கில் விழுந்தால், அதில் பெரும்பகுதி நீங்கள் இன்னும் எழுதாத இதழ்களுக்கான முன்பணம் என்பதை மறந்துவிடக் கூடாது. அதைத் தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டு, மாதம் 12,500 ரூபாய் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்; இடையில் நிறுத்த நேர்ந்தால் மீதியைத் திருப்பித் தர அந்தக் கணக்கில் பணம் இருக்கும்.

ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு பற்றிக் கவலை வேண்டாம். சந்தா வரவு தொழில் வருமானம் என்பதால், வருமான வரிக் கணக்கை மட்டும் சம்பளக்காரர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் ஐடிஆர்-1 படிவத்தில் தாக்கல் செய்ய இயலாது.

ஆண்டுச் சந்தாவில், கட்டணம் போக, ஒருவரிடமிருந்து மாதத்துக்குச் சுமார் 122 ரூபாய் கிடைக்கும். 55,000 ரூபாயை எட்டச் சுமார் 450 பேர் வேண்டும். அதாவது இன்றைய வாசகர்களில் 11 சதவீதத்துக்கும் மேல். நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கும் மருத்துவக் காப்பீடும் இதில் சேரவில்லை. முதலாண்டுச் சந்தாதாரர்களில் எத்தனை பேர் புதுப்பிக்கிறார்கள் என்று தெரியும்வரை வேலையில் இருந்தபடியே எழுதுங்கள். புதுப்பித்தவர்களே 450 பேரை நெருங்கினால் மறுபடி எழுதிக் கேளுங்கள்.