இழுப்பது வேறு, தாங்குவது வேறு

கேள்வி: அமெரிக்காவின் கொலராடோவில் இருக்கும் என் மகன், 5,000 கிலோ வரை இழுக்கும் என்று விளம்பரம் செய்யப்பட்ட இலகுரக பிக்கப் வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறான். அதன் பின்னால் 30 அடி நீளக் கேம்பர் டிரெய்லரை (உள்ளே தங்கிப் பயணம் செய்ய உதவும் இழுவை வண்டி) பூட்டி, மனைவியையும் எங்கள் இருவரையும் மலைப்பகுதிகளுக்கு அழைத்துச் செல்லப் போவதாகச் சொல்கிறான். டிரெய்லரின் வெற்று எடை 3,000 கிலோதானாம். புளியரை எஸ் வளைவில் பாரவண்டிகள் திணறுவதைப் பார்த்தே வளர்ந்த எனக்கு இது அச்சமாக இருக்கிறது. என் அச்சம் சரிதானா?
- ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: தங்கள் அச்சம் சரியானதே, ஆனால் திணறப்போவது எஞ்சின் அன்று. அமெரிக்க நிறுவனங்கள் பலவும் இழுவைத் திறனைக் கணக்கிடப் பின்பற்றும் ஜே2807 என்ற விதிமுறையில், அரிசோனாவின் டேவிஸ் அணை ஏற்றத்தில் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தூரம், ஏ.சி.யை முழுவதுமாக ஓடவிட்டபடியே வண்டி ஏறிக் காட்ட வேண்டும். ஆகவே 5,000 கிலோ என்பது வெறும் விளம்பரப் பேச்சு அன்று. ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பவர்கள் தலா 68 கிலோ எடையுள்ள இருவர் மட்டுமே. தாங்களோ நால்வர் போகிறீர்கள்.

மகனை ஓட்டுநர் கதவைத் திறந்து, அதன் ஓரத் தூணில் ஒட்டியிருக்கும் டயர் விவரச் சீட்டைப் படிக்கச் சொல்லுங்கள். ஆட்களும் சரக்கும் சேர்ந்து எத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்பது அதில் அச்சிடப்பட்டிருக்கும். இவ்வகை வண்டிகளில் அது பெரும்பாலும் 700 கிலோவை ஒட்டியே இருக்கும். வெற்று எடை 3,000 கிலோ உள்ள டிரெய்லர், தண்ணீர், எரிவாயு உருளை, பாத்திரம், படுக்கை எல்லாம் ஏறியபின் 3,600 கிலோவை எளிதில் தொட்டுவிடும். அதில் 10 முதல் 15 விழுக்காடு, அதாவது சுமார் 450 கிலோ, இணைப்புக் கொக்கியின் வழியாகப் பிக்கப்பின் முதுகில்தான் இறங்கும். மிச்சம் 250 கிலோ. நால்வர் ஏறி அமர்ந்தாலே அது போதாது. பெட்டிகளுக்கும் கொக்கிச் சாதனத்துக்கும் இடமே இல்லை.

கொக்கியில் விழும் பாரத்தைக் குறைக்கச் சரக்கையெல்லாம் டிரெய்லரின் பின்பக்கம் தள்ளி வைத்துவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அதை ஒருபோதும் ஏற்க வேண்டாம். முன்பாரம் குறைந்த டிரெய்லர்தான், இறக்கத்திலோ பெரிய லாரி ஒன்று கடந்து போகும்போது அடிக்கும் காற்றிலோ வாலாட்டத் தொடங்கி, இழுக்கும் வண்டியையே புரட்டிவிடும். எடையைப் பங்கிடும் கொக்கிச் சாதனம் முன்சக்கரங்களின் பிடிப்பை மீட்டுத் தருகிறது, அது அவசியமும்கூட. ஆயினும் சீட்டில் உள்ள வரம்பை அது உயர்த்துவதில்லை.

வாலாட்டம் தொடங்கிவிட்டால் வண்டியின் பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் இயக்க வேண்டும். இறக்கங்களில், நம் ஆரியங்காவுப் பாதையில் பழகிய ஓட்டுநர்கள் செய்வதைப் போலவே, இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து எஞ்சினின் பிடியில் இறங்குவதே முறை. பிரேக்கை விடாமல் மிதித்தால் லைனர் சூடேறிப் பிடிப்பே போய்விடும். கொலராடோவின் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவதால், டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி) இல்லாத எஞ்சினாக இருந்தால் இழுவையும் குறையும் என்பதையும் அவர் நினைவில் கொள்ளட்டும்.

என் கருத்து இதுதான்: வண்டியை மாற்ற மனமில்லையென்றால் டிரெய்லரைச் சிறிதாக்கச் சொல்லுங்கள். சரக்கேற்றிய நிலையில் 2,300 கிலோவைத் தாண்டாத கேம்பர் என்றால் நால்வரும் நிம்மதியாகப் போய்வரலாம். புறப்படும் முன் எல்லோரும் ஏறியபின் எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பார்ப்பதைத் தவிர்க்க வேண்டாம்.

கேள்வி: இங்கேயும் பிக்கப்பில் கேம்பரைப் பூட்டித் தென்மலை வழியாகக் கொல்லம் போக முடியுமா?
- மற்றொரு வாசகர், புனலூர்

பதில்: நம் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே, அதற்குத் தனிப் பதிவு வேண்டும். தங்கள் பிக்கப் எத்தனை கிலோவை இழுக்கலாம் என்பதை, பிற நாடுகளில் விற்கும் அதே மாடலின் விவரத்தை வைத்து முடிவு செய்யாமல், இங்குள்ள தயாரிப்பாளரிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். அது கிடைத்தாலும், சபரிமலைக் காலத்தில் அந்தப் பாதையில் நீளமான டிரெய்லரோடு ஏற வேண்டாம். வளைவுகளில் எதிரே வரும் பேருந்துக்கு ஒதுங்கவோ பின்னால் எடுக்கவோ இடம் இருக்காது.