நாவலை ஒலிப்புத்தகமாக்கப் போகிறோம். வந்த டெமோக்களில் எல்லாக் குரலும் நன்றாக இருக்கிறது. யாரைத் தேர்ந்தெடுப்பது?

தாத்தா எழுதிய நெல்லைப் பக்கத்து நாவல், நாலு டெமோ, நாலும் நல்ல குரல் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த டெமோக்களை ஓரமாக வைத்துவிடுங்கள். அவரவர் தனக்கு நன்றாக வருவதைப் பொறுக்கியெடுத்து, இசை சேர்த்து, மெருகேற்றி அனுப்புவதுதான் டெமோ. பெரும்பாலும் விளம்பரக் குரலாக இருக்கும். அரை நிமிடம் கேட்க அருமையான அந்தக் கம்பீரம், மணிக்கணக்கில் ஓடும் நாவலில் காதை அயரவைத்துவிடும்.

உங்கள் நாவலிலிருந்தே மூன்று பக்கம் எடுத்து, நாலு பேருக்கும் அதே பக்கங்களைக் கொடுங்கள். அதற்கு ஒரு தொகையும் கொடுங்கள், அது அவர்களுடைய வேலை நேரம். உச்சக்கட்டக் காட்சி வேண்டாம். அழுகையும் ஆவேசமும் ஓரளவு நடிக்கத் தெரிந்த யாருக்கும் வந்துவிடும். பெரிதாக ஒன்றும் நடக்காத ஒரு பக்கம், இரண்டு பேர் பேசிக்கொள்ளும் ஒரு பக்கம், நீள வாக்கியங்கள் உள்ள ஒரு பக்கம் போதும்.

அந்த நீள வாக்கியத்தில்தான் ஆள் யாரென்று தெரியும். ‘கடையைப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு, சைக்கிளை உருட்டியபடி வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்’ என்று ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள். தமிழில் வினைமுற்று கடைசியில்தானே வரும்? முன்கூட்டிப் படித்துப் பார்க்காதவர் ‘பூட்டி’யிலேயே குரலை இறக்கிவிடுவார், ‘சொருகிக்கொண்டு’வில் மறுபடி இறக்குவார். கேட்பவருக்கு அது மூன்று துண்டுச் செய்தியாகப் போய்ச் சேரும். விஷயம் தெரிந்தவர் குரலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே போய், ‘வாசலிலேயே’யில் லேசாக அழுத்தி, ‘நின்றுவிட்டார்’ வரும்போதுதான் விடுவார். நான் முதலில் கேட்பது இதைத்தான். ழகர ளகரம் தடுமாறினால்கூட உட்கார்ந்து சரிசெய்யலாம். வாக்கியம் எங்கே போகிறது என்று புரியாமல் படிப்பவரைச் சரிசெய்ய வரிக்கு வரி ரீடேக் போக வேண்டியிருக்கும்.

வட்டார வழக்கைப் பொறுத்தவரை கறாராக இருங்கள். உரையாடல் முழுக்க நெல்லைப் பேச்சு என்றால், அந்தப் பக்கத்தில் வளர்ந்தவரையோ அங்கே நெடுநாள் இருந்தவரையோ எடுங்கள். ‘ஏலே’யை அழுத்திச் சொல்லிவிட்டால் அது நெல்லைப் பேச்சாகிவிடாது. அந்த இழுவையும் வேகமும் கதை சொல்லும் இடங்களில்கூட மெலிதாகத் தெரிய வேண்டும்.

குரலையே தொழிலாகக் கொண்ட பெரிய கலைஞர்களுக்கும் இதில் எல்லை உண்டு. 1993இல் வந்த ‘மணிச்சித்திரத்தாழ்’ மலையாளப் படத்தில் ஷோபனாவின் கங்காவுக்குக் குரல் கொடுத்தவர் பாக்யலட்சுமி. கங்கா தன்னை நாகவல்லியாக நினைத்துத் தமிழில் பேசும் இடங்களுக்கும் முதலில் அவரே பேசினார். குரலை மாற்றிப் பேசியும் இரண்டுக்கும் சாயல் தெரிந்ததால், நாகவல்லிக்குத் தமிழ் டப்பிங் கலைஞரான துர்காவைப் பேசவைத்ததாக இயக்குநர் பாசில் பின்னாளில் விளக்கினார். பாக்யலட்சுமியின் திறமையில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பாத்திரம் வேறு குரலைக் கேட்டது, அவ்வளவுதான்.

அப்புறம், அவர்கள் பதிவு செய்யும் அறை. சாம்பிளை எந்தத் திருத்தமும் செய்யாமல், இரைச்சலை நீக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் போடாமல் அனுப்பச் சொல்லுங்கள். தொடக்கத்தில் சில விநாடி பேசாமல் விட்டு அந்த அமைதியையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். அமேசானின் ஒலிப்புத்தகக் கடையான ஆடிபிளுக்குப் புத்தகங்களை அனுப்பும் ஏசிஎக்ஸ் தளத்தின் விதிப்படி பேச்சில்லாத இடத்தின் இரைச்சல் -60 டெசிபலைத் தாண்டக் கூடாது. மின்விசிறி ஓடினால் இது நடக்காது. குரலின் அளவைப் பிறகு ஏற்றி இறக்கலாம், சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியை முழுசாக எடுக்க முடியாது. நல்ல குரல், மோசமான அறை என்றால் ஆளை விடாதீர்கள், ஸ்டூடியோ வாடகையைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேட்கும்போது பெயர்களை மறைத்து, வீட்டில் தாத்தாவின் பேச்சை அறிந்த யாராவது ஒருவரையும் உட்கார வைத்துக் கேளுங்கள். ஹெட்போனில் ஒரு தடவை, சமையல் செய்துகொண்டே போன் ஸ்பீக்கரில் ஒரு தடவை. யார் படித்ததில் கதை மனதில் நின்று, குரல் மறந்துபோகிறதோ அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். ‘இந்த இடத்தை ஏன் இப்படிப் படித்தீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். பாத்திரங்களைப் பற்றி உங்களிடமே திருப்பிக் கேள்வி கேட்பவர் கிடைத்தால் தயங்க வேண்டாம், அவர்தான்.

கூலியை, வெட்டித் திருத்தி முடித்த ஒலி எத்தனை மணி நேரம் என்ற கணக்கில் பேசுங்கள், திருத்தங்கள் எத்தனை சுற்று என்பதையும் சேர்த்து. ஒரு மணி நேர ஒலிக்குப் பொதுவாக அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் அவர் மைக் முன்னால் உட்கார வேண்டியிருக்கும், அதை மனதில் வைத்துப் பேரம் பேசுங்கள். அவருடைய குரலை ஏஐ குரல் தயாரிக்கப் பயன்படுத்த மாட்டோம் என்று ஒப்பந்தத்தில் நீங்களே எழுதிக் கொடுங்கள். தேர்வாகாத மூன்று பேருக்கும் முடிவைச் சொல்லிவிடுங்கள். பதில் வரும் என்று தேதியை ஒதுக்கி வைத்துக் காத்திருப்பார்கள்.