காப்பகத்தில் டிவி எந்த நேரத்தில் ஓடுகிறது?

கேள்வி: பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறேன். ஒன்றரை வயது முதல் ஐந்து வயது வரை 22 பிள்ளைகள்; அதில் 9 பேர் மூன்று வயதுக்குக் கீழே. காலை 9 முதல் மாலை 5.30 வரை நானும் ஒரு ஆயாவும் பார்த்துக்கொள்கிறோம். ஒரு ஹால், இரண்டு அறைகள், வேப்பமரம் நிற்கும் சிறிய முற்றம் இருக்கிறது. மதியமும் சாயங்காலமும் டிவியில் கார்ட்டூன் போடுவோம். "இங்க வந்த பிறகுதான் டிவி டிவின்னு அழுதான்" என்று ஒரு அம்மா சண்டைக்கு வந்தார். சரி என்று முற்றத்தில் விளையாட விட்டால், இன்னொருவர் "பிள்ளைய வெயில்ல விட்டு கருக்க வச்சிட்டியளே" என்கிறார். எவ்வளவு நேரம் விளையாட்டு, எவ்வளவு நேரம் டிவி என்று எழுதி ஒட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். எப்படி எழுதுவது?

பதில்: எழுதி ஒட்டுவது நல்ல யோசனைதான். ஆனால் நிமிடக் கணக்கை எழுதுவதற்கு முன்னால், உங்கள் காப்பகத்தில் டிவி எந்தெந்த நேரத்தில் ஓடுகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். உங்கள் கடிதத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது: மதியமும் சாயங்காலமும். மதியம் ஆயா பாத்திரம் கழுவப் போய்விடுவார், நீங்கள் ஒருவருக்கு ஊட்டிக்கொண்டு இன்னொருவருக்கு உடுப்பு மாற்றிக்கொண்டிருப்பீர்கள். சாயங்காலம் வாசலில் பெற்றோர் வந்து நிற்பார்கள், போன் அடிக்கும், பைகளைத் தேட வேண்டும். ஆள் போதாத நேரத்தில்தான் டிவி ஆளாக வந்து உட்காருகிறது. முக்கூடல், ஆலங்குளம் பக்கம் வீட்டில் பீடி சுற்றும் அம்மாக்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளையின் கையில் போனைக் கொடுப்பதும் இதே காரணத்தால்தான். யாருக்கும் பிள்ளை கெட்டுப்போக வேண்டும் என்று ஆசையில்லை. கை ஒழியவில்லை, அவ்வளவுதான். ஆகவே அந்த இரண்டு நேரங்களுக்கு வேறு ஏற்பாடு செய்யாமல் எந்த விதி எழுதினாலும் மூன்றாம் நாள் ரிமோட் கைக்கு வந்துவிடும்.

இப்போது கணக்குக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கென்றே ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒரு வயது முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் நாளுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து ஆட வேண்டும். மூன்று, நான்கு வயதுக்காரர்களுக்கு அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற ஆட்டமாக இருக்க வேண்டும். நாற்காலியிலோ தள்ளுவண்டியிலோ கட்டிப்போட்டதுபோல ஒரு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் உட்கார வைக்கக் கூடாது. திரையைப் பொறுத்தவரை ஒரு வயதுப் பிள்ளைக்கு வேண்டாம்; இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்குள், அதிலும் குறைந்தால் நல்லது. நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பான ஐ.ஏ.பி. சொல்வதும் கிட்டத்தட்ட இதேதான்: இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், வெளியூரில் இருக்கும் தாத்தா பாட்டியோடு எப்போதாவது வீடியோ காலில் பேசுவது மட்டும் விதிவிலக்கு.

இந்த ஒரு மணி நேரத்தைத்தான் பல காப்பகங்கள் தவறாகப் படிக்கின்றன. "ஒரு மணி நேரம் அனுமதி இருக்கிறதே" என்று மதியம் போட்டுவிடுகிறார்கள். அது பிள்ளையின் முழு நாளுக்கான கணக்கு. வீட்டுக்குப் போனதும் அப்பாவின் போன், பாட்டியின் சீரியல், சோறு ஊட்டும்போது யூடியூப் என்று அந்த ஒரு மணி நேரம் அங்கேயே தீர்ந்துவிடும், தாண்டியும் போகும். எனவே உங்கள் காப்பகத்தின் பங்கு பூஜ்ஜியம் என்பதே என் கருத்து. அதோடு, உங்களிடம் இரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களும் இருக்கிறார்கள். ஒரே ஹாலில் பெரிய பிள்ளைகளுக்கு டிவி போட்டுவிட்டு சின்னவர்களை அந்தப் பக்கம் திரும்பச் சொல்ல முடியுமா? நியூயார்க் நகரம் 2007 முதல் தன் காப்பகங்களுக்கு இதைச் சட்ட விதியாகவே வைத்தது: ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நாளுக்கு 60 நிமிட உடலியக்கம், இரண்டு வயதுக்குக் கீழே டிவி கூடாது. பிரான்ஸில் 2025 முதல் மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்குக் காப்பகங்களில் திரையே கிடையாது.

டிவி சும்மா ஓடிக்கொண்டிருந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஓடுகிற டிவி பக்கத்தில் இருந்தால் பெரியவர்கள் பிள்ளையோடு பேசும் பேச்சு குறைகிறது, பிள்ளையின் விளையாட்டும் நடுநடுவே அறுபடுகிறது. பேச்சு வருவது எதிர்ப்பேச்சு கிடைக்கும்போதுதான். பிள்ளை "காக்கா" என்றால் "ஆமா, காக்கா எங்க போச்சு?" என்று கார்ட்டூன் திருப்பிக் கேட்காது.

சரி, அந்த இரண்டு நேரங்களை என்ன செய்வது?

மதியத்தை முதலில் பார்ப்போம். 12 மணிக்குச் சாப்பாடு, 1 மணிக்குத் தூக்கம் என்றால் நடுவில் அரை மணி நேரம் சேட்டை. இங்கே ஆயா பாத்திரத்துக்குப் போகக் கூடாது. அது பிள்ளைகள் தூங்கிய பிறகு செய்கிற வேலை. இந்த ஒரு மாற்றமே மதிய டிவியை அணைத்துவிடும். பெரிய பிள்ளைகள் தங்கள் தட்டைத் தாங்களே கொண்டுபோய்ப் போடட்டும், பாயை உதறி விரிக்கட்டும், தலையணை எடுத்து வரட்டும். நான்கு வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பிடித்த விளையாட்டு இல்லை. சின்னவர்களை மடியில் போட்டு ஒரு கதை. தூங்காத பிள்ளை ஒன்றிரண்டு இருக்கும்; அவர்களுக்குப் படப் புத்தகமும் களிமண்ணும் போதும்.

"போன் காட்டுனாத்தான் திம்பான்" என்று சொல்லி போனையும் பையில் வைத்து அனுப்பும் வீடுகள் உண்டு. வாங்காதீர்கள். மற்ற பிள்ளைகளோடு வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும்போது பெரும்பாலான பிள்ளைகள் தாமாகவே கையை வைக்கும். முதல் சில நாள் பாதிச் சோறு மிஞ்சும், அதைப் பற்றி வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இருபது, இருபத்தைந்து நிமிடம் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துவிடலாம். மூன்று மணிக்குச் சுண்டலோ பழமோ வரப்போகிறதே. எடை குறைந்துகொண்டே போகும் பிள்ளை என்றால் மட்டும் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

சாயங்காலம்தான் உங்கள் பொன்னான நேரம், அதைத்தான் டிவிக்குக் கொடுத்திருக்கிறீர்கள்! நம் ஊரில் மார்ச் முதல் ஜூன் தொடக்கம் வரை காலை 10 மணிக்கு மேல் மாலை 4 மணி வரை நேர் வெயிலில் பிள்ளைகளை விட முடியாது. ஜூனில் குற்றாலத்தில் சாரல் தொடங்கி, செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கி வந்த பிறகுதான் பகலில் மூச்சு விட முடியும். ஆகவே கோடையில் காலை வந்ததும் ஒரு முறை, 4.15-க்குப் பிறகு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை 9.15 முதல் 10 வரை முற்றம், பதினொன்றே காலுக்குக் கால் மணி நேரம் ஆட்டத்தோடு பாட்டு, தூங்கி எழுந்ததும் 20 நிமிடம் ஹாலில், மாலை 4.15 முதல் 5 வரை மறுபடி முற்றம். கூட்டினால் 125 நிமிடம். மீதி ஒரு மணி நேரத்தை வீடும் தெருவும் பார்த்துக்கொள்ளும்.

சின்னப் பிள்ளைகள் முக்கால் மணி நேரம் தொடர்ந்து ஓட மாட்டார்கள். கொஞ்சம் ஓடி, கொஞ்சம் உட்கார்ந்து எறும்பைப் பார்த்து, மறுபடி ஓடுவார்கள். அது சோம்பல் என்று நினைத்து விசில் ஊத வேண்டாம். பாதி நேரம் அவர்கள் இஷ்டம், பாதி நேரம் நீங்கள் நடத்தும் ஆட்டம். குலை குலையா முந்திரிக்கா, ஒரு குடம் தண்ணி ஊத்தி ஒரு பூ பூத்துச்சாம், கண்ணாமூச்சி எல்லாம் மூன்று வயதிலேயே வரும். நொண்டி ஆடுவது நான்கு வயதுக்கு மேல்தான் நன்றாகக் கூடும். நுங்குக் காலத்தில் இரண்டு கூந்தலை (நுங்கு எடுத்த காயை)க் குச்சியில் கோத்து நுங்கு வண்டி செய்து கொடுங்கள். ஐந்து வயதுக்காரன் முற்றத்தைப் பத்துச் சுற்று சுற்றிவிடுவான். மழைக்காலத்தில், அதாவது அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை, ஹாலே கதி. கோரைப்பாயைச் சுருட்டி வைத்தால் தாண்டலாம் (பத்தமடைப் பட்டுப்பாயை எடுத்துவிடாதீர்கள்), கயிற்றைத் தரையில் நீட்டினால் அதன்மேல் நடக்கலாம், தலையணைகளில் ஏறி இறங்கலாம், யானைபோல நாலு காலில் போகலாம். இதற்கெல்லாம் பெரிய இடம் வேண்டாம். பெரிய இடம் கேட்டு டிவி விளம்பரத்தில் வருகிற பிளாஸ்டிக் சறுக்கு வாங்க வேண்டியதும் இல்லை.

மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்கள் எட்டும் இடத்தில் புளியங்கொட்டை, கோலிக்குண்டு, தட்டாங்கல் எதுவும் கிடக்கக் கூடாது. தொண்டையில் சிக்கினால் நிமிடங்களில் உயிர் போகும். தண்ணீர்த் தொட்டிக்குப் பூட்டு, வாசல் கேட்டுக்குக் கொண்டி, நிரப்பி வைத்த வாளி கிடையாது. மதியம் காய்ந்த இரும்புச் சறுக்கு தொடையைச் சுட்டுவிடும், கையை வைத்துப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். பிள்ளைகள் தாகம் என்று தாமாகக் கேட்பது குறைவு. கால் மணி நேரத்துக்கு ஒரு முறை நீங்களே தம்ளரை நீட்டுங்கள். முகம் சிவந்து, துவண்டு, விளையாட வராமல் ஒதுங்கும் பிள்ளையை உடனே உள்ளே கொண்டுபோய் ஈரத்துணியால் துடைத்துத் தண்ணீர் கொடுங்கள். தெளியவில்லை என்றால் மருத்துவமனைதான். வீசிங் இருக்கிற பிள்ளையை ஓரமாக உட்கார வைக்க வேண்டாம். அவர்களின் மருத்துவர் எழுதிய மருந்து உங்களிடம் இருந்தால், அவர்களும் ஆடலாம்.

கருத்துப்போகிறது என்ற புகாருக்கு என்னிடம் நாசூக்கான பதில் இல்லை. நிறத்துக்காகப் பிள்ளையை உள்ளே பூட்டுவது அநியாயம் என்று நேராகவே சொல்லுவேன். நீங்கள் தொழில் நடத்துகிறவர், அப்படிப் பேச முடியாது. ஆகவே கண்ணைப் பற்றிப் பேசுங்கள். வெளி வெளிச்சத்தில் அதிக நேரம் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைவு. தைவான் 2010-ல் பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளியே விடும் திட்டத்தைத் தொடங்கியது. அதற்குப் பிறகு, ஏறிக்கொண்டே போன கிட்டப்பார்வைக் கணக்கு இறங்க ஆரம்பித்தது. இதற்கு நேர் வெயில் தேவையில்லை. உங்கள் வேப்பமர நிழலே ஹால் விளக்கைவிடப் பல மடங்கு வெளிச்சம். மண், சிராய்ப்பு பற்றிய சண்டைகளுக்கு இரண்டு வழிகள்: ஆளுக்கு ஒரு பழைய உடுப்பு காப்பகத்திலேயே இருக்கட்டும், 5 மணிக்குக் கைகால் கழுவி மாற்றிவிடுங்கள். அப்புறம், ஒரு நோட்டில் எங்கே எப்போது விழுந்தான், சோப்புப் போட்டுக் கழுவினோம் என்று எழுதி, அம்மா முழங்காலைப் பார்ப்பதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிடுங்கள். பார்த்த பிறகு சொன்னால் அதே சிராய்ப்பு இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும்.

இன்னொரு திரையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை: உங்கள் போனும் ஆயாவின் போனும். பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போட வேண்டும் என்று முற்றத்தில் பிள்ளைகளைவிட்டு ஆங்கிள் பார்த்துக்கொண்டிருக்கும் காப்பகங்கள் பெருகிவிட்டன. பிள்ளை மதிலில் ஏறுவது அந்த நிமிடத்தில்தான். விளையாட்டு நேரத்தில் பெரியவர்கள் கையில் போன் இல்லை என்பதையும் விதியில் சேருங்கள். படம் வேண்டுமென்றால் மதியம் பிள்ளைகள் தூங்கும்போது, காலையில் செய்த களிமண் யானையைப் படமெடுத்துப் போடுங்கள்.

ஆள் கணக்கு: 2013-ன் தேசிய முன்பருவக் கல்விக் கொள்கை மூன்று வயதுக்குக் கீழே 10 பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேலே 20 பேருக்கு ஒருவர் என்கிறது. தாளில் பார்த்தால் நீங்கள் இருவர் போதும். நடப்பில், ஒருவர் அடுப்படிக்கோ வாசலுக்கோ போன நொடியில் 22 பேருக்கு ஒருவர். சாயங்காலம் 4 முதல் 5.30 வரை மட்டும் பக்கத்துத் தெருவில் யாராவது ஒரு அக்காவைச் சம்பளத்துக்கு வைக்க முடிந்தால், டிவியை நிறுத்துவதில் முக்கால் வேலை முடிந்தது. கட்டணத்தில் சிறிது ஏற்ற வேண்டியிருக்கும். காரணத்தைச் சொல்லியே ஏற்றுங்கள்.

ஒட்டுகிற தாள் இவ்வளவு இருந்தால் போதும்: "நம் காப்பகத்தில் டிவி, போன், டேப் கிடையாது. பிள்ளைகள் தினமும் சுமார் இரண்டு மணி நேரம் ஓடி ஆடி விளையாடுவார்கள். வெயில், மழை பார்த்து உள்ளேயோ வெளியிலோ. தண்டனையாக யாருடைய விளையாட்டையும் நிறுத்த மாட்டோம். தொப்பி, செருப்பு, ஒரு பழைய உடுப்பு அனுப்புங்கள். விழுந்தால் அன்றே சொல்வோம். விளையாட்டு நேரத்தில் போன் எடுக்க மாட்டோம். அவசரம் என்றால் இரண்டு முறை தொடர்ந்து அழையுங்கள்." மூன்று வயதிலேயே அ, ஆ எழுத வைக்கவில்லையே என்று கேட்பவர்கள் வருவார்கள். எழுதும் விரலுக்கு வலு களிமண் பிசைவதிலும் கயிறு பிடித்து இழுப்பதிலும் வருகிறது என்று சொல்லிப் பாருங்கள். கேட்காமல் ஒன்றிரண்டு பேர் பிள்ளையை மாற்றவும் செய்யலாம்.

ஜூன் சேர்க்கைப் படிவத்தோடு இந்தத் தாளையும் கொடுத்து, படித்துப் பார்த்துக் கையெழுத்து வாங்குங்கள். இப்போது இருக்கும் பெற்றோருக்குப் பத்து நாள் முன்பே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் முதல் வாரம் பிள்ளைகள் வீட்டில் கூடுதலாக அடம் பிடிக்கும். டிவியை அணைத்து மட்டும் வைக்காதீர்கள், கழற்றி மாடிக்குக் கொண்டுபோய்விடுங்கள். கழற்ற வரும் ஆளிடமே அந்த பிளக் பாயிண்டுக்கு மூடியும் போட்டுவிடச் சொல்லுங்கள்.