பாப்3-ல மெயில் எடுத்தா சர்வர்ல இருக்கிறது அழிஞ்சிடுமா?

ஆபீஸ் கம்ப்யூட்டர்ல மெயில் இறக்கினதும் போன்ல ஒண்ணுமே காணோம்னு கேட்டிருக்கீங்க, அனேகமா அந்தக் கம்ப்யூட்டர்ல பாப்3 (சர்வர்ல இருக்கிற மெயிலை கம்ப்யூட்டருக்கு இறக்குற ஒரு முறை) போட்டிருப்பாங்க. பாப்3 தானா எதையும் அழிக்காது, மெயில் ஆப்தான் இறக்கின ஒவ்வொரு மெயிலுக்கும் டெலீ-ன்னு ஒரு கட்டளை அனுப்பும், சர்வர் அப்பவும் அழிக்காம குறிச்சு மட்டும் வச்சுக்கும், கடைசில ஆப் க்விட் சொல்லி முறையா முடிச்சாத்தான் நிஜமாவே அழியும். நடுவுல நெட் கட்டாயிட்டா எதையும் அழிக்கக்கூடாதுன்னு பாப்3-க்கான விதிகளைச் சொல்ற, 1996-ல வந்த ஆர்எஃப்சி 1939-ங்கிற ஆவணத்துலயே இருக்கு, ரொம்ப நல்ல ஏற்பாடு.

செட்டிங்ஸ்ல சர்வர்லயும் ஒரு காப்பி வைக்கிறதுக்கு ஒரு டிக் இருக்கும், முதல்ல அதைப் போடுங்க. அதுக்கப்புறம் சர்வர் ஒவ்வொரு மெயிலுக்கும் தர்ற தனி அடையாளத்தை ஆப் ஞாபகம் வச்சுக்கிட்டு புதுசை மட்டும் இறக்கும். ஆனா எதைப் படிச்சீங்க, எந்த ஃபோல்டர்ல போட்டீங்கன்னு பாப்3-க்கு எதுவும் தெரியாது.

ரெண்டு டிவைஸ் வச்சிருந்தா ஐமேப்-ங்கிற இன்னொரு மெயில் முறைதான் சரி. 1986-ல ஸ்டான்ஃபோர்டுல மார்க் கிறிஸ்பின் உருவாக்கினது, இதுல மெயில், ஃபோல்டர், படிச்ச குறி எல்லாமே சர்வர்லதான் இருக்கும், ஆப் அதைப் பாத்துக் காட்டும், அவ்வளவுதான். டெலீட் பண்ணா இங்கேயும் முதல்ல குறிதான், எக்ஸ்பஞ்ச் கட்டளை போனாத்தான் காலியாகும், ஆனா காலியாச்சுன்னா எல்லா டிவைஸ்லயும் போயிடும், அதனால ஐமேப்பை பேக்கப்னு நம்பாதீங்க. மாத்துறதுக்கு முன்னாடி ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஏற்கனவே இறங்கின பழைய மெயிலை தனியா எடுத்து வச்சுக்கோங்க, அது இப்ப அங்க மட்டும்தான் இருக்கும்.