அப்பாவின் பேஸ்மேக்கருக்கு வெளியிலிருந்து சார்ஜ் ஏற்ற முடியுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. பேஸ்மேக்கர் வைத்து 9 ஆண்டுகள் ஆகின்றன. பேட்டரி முடியும் நிலையில் இருக்கிறது, மாற்ற வேண்டும் என்கிறார் டாக்டர். நெஞ்சின் மேல் தட்டையான லென்ஸ் தகட்டை வைத்தால் போதும், அலை மூலமாகவே சார்ஜ் ஏறும், ஆபரேஷன் வேண்டாம் என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம். முன்பணமும் கொடுக்காதீர்கள். அப்பாவின் பேஸ்மேக்கரில் இருப்பது சார்ஜ் ஏற்றவே முடியாத லித்தியம் பேட்டரி. அதைச் சுற்றி டைட்டானியம் உறை. தகடு அனுப்பும் அலை அந்த உலோகத்தைத் தாண்டாது. அதை வாங்கி மின்சாரமாக்கும் பாகமும் உள்ளே கிடையாது.

தகடு என்பது கட்டுக்கதை இல்லை. அதனால்தான் இந்தப் பேச்சை நம்பிவிடுகிறார்கள். வயர்லெஸ் சார்ஜரில் உள்ளதுபோன்ற சாதாரணக் கம்பிச் சுருள் அனுப்பும் சக்தி, ஆழம் கூடக்கூட வேகமாகக் குறைந்துவிடும். 2014-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஏடா பூன் என்ற பொறியாளரின் குழுவினர் வேறு வழியைக் காட்டினார்கள். உலோகத் தகட்டில் கணக்குப் பார்த்துப் பிளவுகள் வெட்டினால், அங்கிருந்து கிளம்பும் 1.6 கிகாஹெர்ட்ஸ் அலைகள் உடலுக்குள் ஒரே இடத்தில் கூடும். தசைக்குள் அந்த அலையின் நீளம் சுமார் 2.5 செ.மீ. ஆகச் சுருங்குவதால் இது முடிகிறது. 5 செ.மீ. ஆழத்துக்கும் சக்தி போனது. ஆனால் அதை வாங்கியது இதற்கென்றே செய்த 2 மி.மீ. கருவி, சோதித்தது பன்றியிலும் முயலிலும். மூச்சு விடும்போது அலைகள் கூடும் இடம் நகரக் கூடாது, தோல் சூடாகக் கூடாது, தகடு விலகினாலும் இதயம் நிற்கக் கூடாது. இவையெல்லாம் தீர வேண்டும். ஏற்கெனவே வைத்த பேஸ்மேக்கருக்கு இப்படிச் சார்ஜ் ஏற்றும் சாதனம் எதுவும் விற்பனையில் இல்லை.

முதுகுவலிக்கு இடுப்பில் பெல்ட் கட்டிச் சார்ஜ் ஏற்றிக்கொள்பவரை நீங்கள் பார்த்திருக்கலாம். அது தண்டுவட ஸ்டிமுலேட்டர், வலி தெரியாமலிருக்கத் தண்டுவடத்துக்கு மின்துடிப்பு கொடுக்கும் கருவி. அதில் சார்ஜ் ஏறும் பேட்டரியும் சுருளும் தொடக்கத்திலேயே இருக்கும். தோலுக்கு அடியில் மேலாக வைத்திருப்பார்கள். அந்தக் கம்பெனி, அந்த மாடலுக்கான சார்ஜரைத்தான் பயன்படுத்த வேண்டும். சார்ஜர் சுருள் சற்று விலகினாலும் சார்ஜ் சரியாக ஏறாது. நாள்கணக்கில் விட்டுவிட்டு அடியோடு இறங்கினால் சில பேட்டரிகள் திரும்ப எழாது. மூளைக்கான சில ஸ்டிமுலேட்டர்களும் இந்த வகைதான். பேஸ்மேக்கர் அப்படி இல்லை.

முன்பணம் கேட்கும் அந்த ஆள் கொடுக்கும் தகட்டை 'சும்மா வைத்துப் பார்ப்போம்' என்றுகூட வைக்காதீர்கள். உள்ளே காந்தம் இருந்தால், பேஸ்மேக்கர் இதயத்தின் சொந்தத் துடிப்பைக் கவனிக்காமல் ஒரே வேகத்தில் துடிக்கவைக்கத் தொடங்கும். காந்தம் உள்ள போனை நெஞ்சிலிருந்து 15 செ.மீ. தள்ளியும், வயர்லெஸ் சார்ஜரில் இருக்கும்போது 30 செ.மீ. தள்ளியும் வையுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது, பேஸ்மேக்கரை புரோகிராமர் என்ற வெளிக்கருவி வைத்துப் படிப்பது. ஒரு கம்பெனியின் புரோகிராமர் இன்னொரு கம்பெனியின் கருவியைப் படிக்காது. அதனால் பல ஆஸ்பத்திரிகளில் கம்பெனி ஆள் வரும்வரை நோயாளி உட்கார்ந்திருக்கிறார். வந்தவர் படித்துவிட்டு அச்சுத்தாளைக் கையில் தராமல் போய்விடுகிறார். இது என்ன வழக்கம்? காசு கொடுத்தவருக்கு அந்தத் தாள் சொந்தம், கேட்டு வாங்குங்கள். அதில் ஈ.ஆர்.ஐ. என்ற குறி, அதாவது மாற்றும் நேரம் வந்துவிட்டது என்ற குறி, வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் பெரும்பாலான மாடல்களில் சுமார் 3 மாதம்தான் அவகாசம். மாற்றும் தேதியை உடனே முடிவுசெய்யுங்கள். வராவிட்டால், 'இப்போதே மாற்றினால் சலுகை' என்று அவசரப்படுத்துபவரை நம்பாதீர்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கிருமித்தொற்று அபாயம் கூடுகிறது.

பேட்டரியை மட்டும் கழற்றி மாற்ற முடியாது, பெட்டி முழுதும் மாறும். பெட்டியிலிருந்து இதயத்துக்குப் போகும் வயர்கள் நன்றாக இருந்தால் அவற்றையே இணைப்பார்கள். மாற்றும்போது அவற்றைச் சோதித்த எண்களையும் கேளுங்கள். புதிய பெட்டி எம்.ஆர்.ஐ.-க்கு ஏற்றது என்று கூடுதல் விலை சொன்னால், பழைய வயர்களும் அதற்கு ஏற்றவையா என்று எழுத்தில் வாங்குங்கள். பில்லில் மாடலும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும்.

அதற்குள் அப்பாவுக்குத் தலைசுற்றலோ மயக்கமோ வந்தால், குறித்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே அழைத்துப் போங்கள்.