புர்காஸிலிருந்து ஒரு பகல்: நெசெபரா, சொசோபோலா?

கேள்வி: ஜூலையில் பல்கேரியாவின் கருங்கடல் கரையிலுள்ள புர்காஸ் நகரில் தங்கப்போகிறோம். நான்கு பேர். அப்பா, அம்மாவுக்கு எழுபது வயதை ஒட்டி ஆகிறது, இருவரும் சைவம். கார் எடுக்கப்போவதில்லை. ஒரே நாளில் வர்னா, நெசெபர், சொசோபோல் மூன்றையும் பார்த்து, கடலிலும் குளிக்க முடியுமா?

பதில்: வர்னாவை விட்டுவிடுங்கள். புர்காஸிலிருந்து சாலை வழியாக ஏறக்குறைய 130 கி.மீ., நடுவில் மலை வளைவுகள். போகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நெசெபரும் சொசோபோலும் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 35 கி.மீ. தொலைவுதான். ஆனால் ஒன்று வடக்கே, மற்றது தெற்கே. இரண்டுக்கும் ரயில் கிடையாது. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக, புர்காஸுக்குத் திரும்பிப் பேருந்து மாற வேண்டும். அந்த மாற்றம் சரியாக உச்சிவெயிலில் வந்து விழும். பெரியவர்களை வைத்துக்கொண்டு அதைச் செய்யாதீர்கள். ஒரு திசையைத் தேர்ந்தெடுங்கள்.

உங்கள் குடும்பத்துக்கு வடக்குத் திசைதான் பொருந்தும்: காலையில் நெசெபர், மதியத்துக்கு மேல், திரும்பும் வழியில் உள்ள பொமோரியே என்ற ஊர். கடல் குளியல்தான் முக்கியம் என்றால் மட்டும் சொசோபோல். அங்கே பேருந்து நிலையம் பழைய ஊரின் வாசலிலேயே இருக்கிறது, மணல் கடற்கரையும் சில நிமிட நடையில் வந்துவிடும். கீழே கல்சுவர், மேலே மரப்பலகை என்று கட்டிய பழைய வீடுகளை மாலையில் பார்த்துக்கொள்ளலாம்.

பேருந்துகள் ரயில் நிலையத்தை ஒட்டிய தெற்குப் பேருந்து நிலையத்திலிருந்து புறப்படும். ஊர்ப்பலகை சிரிலிக் எழுத்தில் இருக்கும். ஆங்கில ‘ஹெச்’ போல் தெரிவது ‘ந்’, ‘சி’ போல் தெரிவது ‘ஸ்’, ‘பி’ (P) வடிவம் ‘ர்’. ஆகவே நெசெபர் ‘ஹெச்’சிலும் சொசோபோல் ‘சி’யிலும் தொடங்கும். புர்காஸின் முதல் எழுத்து எண் 6 மாதிரி இருக்கும். ஏறும் முன் ஓட்டுநரிடம் “ஸ்தாரியா கிராத்?” என்று கேளுங்கள், ‘பழைய ஊர்’ என்று பொருள். கேட்காமல் ஏறினால் புதிய நெசெபரில் இறங்கி வெயிலில் நடக்க நேரலாம். பதிலுக்கு அவர் தலையை ஆட்டுவதை நம்பவேண்டாம். பல்கேரியர்கள் பக்கவாட்டில் அசைத்தால் ஆமாம், மேலும் கீழும் அசைத்தால் இல்லை. ‘தா’ (ஆமாம்), ‘நே’ (இல்லை) என்ற சொல்லைக் காதில் வாங்குங்கள்.

காலை ஏழு மணிக்கே கிளம்புங்கள். ஜூலையில் ஐந்தரை மணியளவிலேயே விடிந்துவிடும், இருட்ட ஒன்பது ஆகும். பழைய நெசெபர் ஒரு சின்ன மூக்குநிலம்: நீளம் ஏறக்குறைய 850 மீட்டர், அகலம் 350. மெல்லிய கரைப்பாதை ஒன்றுதான் அதை நிலத்தோடு இணைக்கிறது. பத்து மணிக்கு மேல் பக்கத்துக் கடற்கரை விடுதிகளின் கூட்டம் முழுக்க அந்த ஒரே பாதை வழியாகத்தான் வரும். அதற்குள் தெருக்களை நடந்து முடித்துவிட்டு, தேவாலயங்கள் திறந்ததும் உள்ளே போய் நிழலில் இருங்கள். தரை முழுக்க உருளைக்கல். ரப்பர் அடி வைத்த, பின்பட்டை உள்ள செருப்பு வேண்டும். வெறும் ஹவாய் செருப்பில் கால் பிறழும்.

1983 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் உள்ள ஊர் இது. எல்லாத் தேவாலயத்துக்கும் ஏறி இறங்க வேண்டியதில்லை. உள்ளே போக ஒன்றே ஒன்று என்றால் புனித ஸ்தேவான் தேவாலயம்: சுவர் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட உருவங்கள், பெரும்பாலும் 16-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். உட்கார்ந்து நிதானமாகப் பார்க்க வேண்டியது. கிறிஸ்து பான்டோகிராட்டர் தேவாலயத்தை வெளியிலிருந்து பார்த்தாலே போதும். கல்லும் செங்கல்லும் மாறி மாறி அடுக்கிய சுவர், நடுநடுவே பச்சை மண்கிண்ணங்கள். கிழக்குச் சுவரில் செங்கல்லால் ஒரு ஸ்வஸ்திக வரிசை உண்டு. அது சூரியனைக் குறிக்கும் பழைய சின்னம். அப்பா அம்மாவுக்குக் கட்டாயம் காட்டுங்கள்.

பன்னிரண்டுக்குள் பொமோரியேவுக்குப் பேருந்து பிடியுங்கள். ஊருக்குள் போகுமா, நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிடுமா என்று கேட்டு ஏறுங்கள். அங்கே கடலை ஒட்டிய உப்பு ஏரியும், உப்பு அருங்காட்சியகமும், அதைச் சேர்ந்து இன்னும் வேலை நடக்கும் பாத்திகளும் இருக்கின்றன. வெயிலில் நீரை வற்றவைத்து உப்பெடுக்கும் முறை தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளம் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். ஏரியின் கருஞ்சேற்றைப் பூசிக்கொள்ள நிறையப் பேர் வருவார்கள். இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ள பெரியவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் அது வேண்டாம். தோலில் கீறல் இருந்தால் உப்புநீர் கடுமையாக எரியும், கண்ணில் படக்கூடாது. பொமோரியே கடற்கரை மணல் இரும்புத்தாது கலந்து கருமையாக இருக்கும், அதனால் மதியத்தில் கொதிக்கும். நான்கு மணிக்கு மேல் இறங்குங்கள்.

கருங்கடலில் ஏற்றவற்றம் சில சென்டிமீட்டர்தான், ஆகவே நீர்மட்டம் ஏறி வந்து துணியையும் பையையும் கொண்டுபோகும் பயமில்லை. உப்பு பெருங்கடலில் பாதியளவே. உடல் அந்த அளவுக்கு மிதக்காது, நம் கடலில் நீந்திப் பழகியவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும். பெரிய ஆபத்து வேறு. புயல் ஓய்ந்து காற்றே இல்லாத நாளில் வரும் நீண்ட அலைகளை அங்கே ‘செத்த அலை’ என்பார்கள். வானம் தெளிவாக இருக்கும், ஆனால் கரைக்கு வந்து குவிந்த நீர் ஏதோ ஓர் இடைவெளியில் வேகமாகத் திரும்பும். இழுபட்டால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாக நீந்தி விலகுங்கள். சிவப்புக் கொடி என்றால் கால் நனைக்கவும் இறங்காதீர்கள். காவலர் இல்லாத கரையில் குளிக்கவே வேண்டாம்.

சாப்பாட்டில் சைவத்துக்கு வழியுண்டு. தரத்தோர் என்பது தயிர், வெள்ளரி, பூண்டு, சதகுப்பைக் கீரை (டில்), அக்ரூட் சேர்த்த குளிர்ந்த சூப். வெயிலுக்கு அதைவிட நல்லது இல்லை. ஷொப்ஸ்கா என்பது தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய் மேல் பாலாடைக்கட்டி துருவிய சாலட். காலையில் பானித்சா (மெல்லிய மாவு அடுக்குகளில் சுட்ட பண்டம்) வாங்கலாம், ஆனால் அதில் பாலாடைக்கட்டியோடு முட்டையும் இருக்கும். பீன்ஸ் சூப்பில் சிலர் தொத்திறைச்சி போடுவார்கள். ஆகவே “பெஸ் மெஸோ” (இறைச்சி இல்லாமல்), “பெஸ் ரீபா” (மீன் இல்லாமல்), “பெஸ் யாய்த்சா” (முட்டை இல்லாமல்) என்று மூன்றையும் சொல்லுங்கள். உங்களில் மீன் சாப்பிடுபவர்கள் விலைப்பட்டியலில் எத்தனை கிராமுக்கான விலை என்று பாருங்கள். பல இடங்களில் 100 கிராமுக்குத்தான் போட்டிருப்பார்கள், முழு மீன் வந்தபின் பில் மூன்று நான்கு மடங்காகும்.

2026 ஜனவரி 1 முதல் பல்கேரியாவில் யூரோதான். யாராவது பழைய லெவா நோட்டு கொடுத்தனுப்பினால் கடையில் செல்லாது. பேருந்துக்குச் சில்லறை யூரோ வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தைக் காலையில் புர்காஸ் நிலையத்திலேயே எழுதிக்கொண்டு, அதற்கு முந்தைய வண்டியைப் பிடிக்கத் திட்டமிடுங்கள். ஞாயிறு மாலை வார இறுதிக் கூட்டம் முழுக்க ஊர் திரும்பும், நின்றுகொண்டே வர நேரும். செவ்வாய், புதனில் போவது பெரியவர்களுக்கு நல்லது.