ஒரே நாள்ல பனிமலை ரயில்: அம்மாவோட போறப்ப எந்த மலை?

கோயம்புத்தூர்லேர்ந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க. அக்டோபர் முதல் வாரம் சுவிஸ் வர்றாங்க, ஜூரிச் பக்கத்துல இருக்கிற விண்டர்தூர்ல தங்கச்சி வீட்ல அஞ்சு நாள் தங்கல். கூட வீட்டுக்காரர், அம்மா (64 வயசு, பிரஷர் மாத்திரை போடுறவங்க, முட்டி வலி), 8 வயசுப் பொண்ணு, 4 வயசுப் பையன். ஒரே ஒரு நாள் மலை ரயில்ல ஏறி உச்சிக்குப் போய் பனியைத் தொட்டுட்டு ராத்திரிக்குள்ள வீடு திரும்பணும், எல்லாரும் ஜங்ஃப்ரா போ ஜங்ஃப்ரா போன்னு சொல்றாங்க, டிக்கெட்டை இப்பவே புக் பண்ணிடவா? இதான் கேள்வி.

பண்ணாதீங்க. இன்னும் ரெண்டு மாசம் இருக்கு, அக்டோபர் மலையில அன்னைக்கு காலைல மேகம் எங்க நிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. நானே ஒரு தடவை என் மாமியாரைக் கூட்டிட்டுப் போறேன்னு ஒரு வாரம் முன்னாடியே எல்லாருக்கும் டிக்கெட் எடுத்து வெச்சுட்டேன், மேல போய் கதவைத் திறந்தா சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி வெள்ளை, கை நீட்டினா கை தெரியல, ரெண்டு மணி நேரம் டீ குடிச்சுட்டு இறங்கி வந்தோம். மாமியார் ஒண்ணும் சொல்லல. அதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

முதல்ல ஜங்ஃப்ரா (அந்த ஊர்க்காரங்க வாயில யுங்ஃப்ராவ்) விஷயம். அந்த ரயில் போற எடம் யுங்ஃப்ராவ்யோக், அது உச்சி கிடையாது, யுங்ஃப்ராவுக்கும் மோன்ஹ் மலைக்கும் நடுவுல இருக்கிற கணவாய். 3,454 மீட்டர், ஐரோப்பாவுலயே உயரமான ரயில்வே ஸ்டேஷன், 1912ல திறந்தது. அற்புதமான வேலைதான், நான் குறை சொல்ல வரல. ஆனா கடைசி ஏழு கிலோமீட்டர் ஐகர், மோன்ஹ் ரெண்டு மலையோட வயித்துக்குள்ள சுரங்கத்துலதான் போகும். ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே ஏறணும்னு ஆசைப்படுறவங்களுக்கு பாதி நேரம் இருட்டுதான். இன்னொண்ணு, அந்த உயரத்துல காத்தோட அழுத்தம் கடல் மட்டத்துல இருக்கிறதுல மூணுல ரெண்டு பங்குதான், அதாவது ஒவ்வொரு மூச்சுலயும் கிடைக்கிற ஆக்சிஜனும் அவ்வளவுதான். நம்ம தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான், அதுக்கும் மேல எண்ணூறு மீட்டர்னு வெச்சுக்கோங்க.

உங்களுக்கு நான் சொல்றது கோர்னர்கிராட். ஜெர்மாட் ஊர்லேர்ந்து (1,605 மீட்டர்) 3,089 மீட்டர் வரைக்கும், ஒம்பது கிலோமீட்டர் சொச்சம், 33 நிமிஷம், முக்காவாசி வெட்டவெளியில. ஏறும்போது வலது பக்கம் உக்காருங்க, இது ரொம்ப முக்கியம், மாட்டர்ஹார்ன் மலை அந்தப் பக்கம்தான் காடு தாண்டினதும் முழுசா வந்து நிக்கும். மேல ஸ்டேஷன்ல இறங்கினா மறுபக்கம் கோர்னர் பனியாறும், சுவிஸ்லயே உயரமான சிகரம் டூஃபூர்ஷ்பிட்ஸும் (4,634 மீட்டர்) தெரியும்.

நீங்க கோவைக்காரங்கன்றதால ஒண்ணு சொல்றேன். மேட்டுப்பாளையம் ரயில்ல கல்லார் தாண்டினதும் நடுவுல பல்லு பல்லா ஒரு தண்டவாளம் வரும்ல, அது ஆப்ட் முறை, கோர்னர்கிராட்லயும் அதே ஆப்ட் பல்சக்கரம்தான். இது 1898ல ஓட ஆரம்பிச்சது, அடுத்த வருஷம் 1899ல நம்ம ரயில் குன்னூரைத் தொட்டுச்சு. நம்மது பன்னெண்டு அடிக்கு ஒரு அடி ஏறும், இது செங்குத்தான எடத்துல அஞ்சு அடிக்கு ஒரு அடி. அதுவும் நம்ம எக்ஸ் கிளாஸ் நீராவி எஞ்சின்கள் முதல்ல செஞ்சு வந்தது உங்க தங்கச்சி இருக்கிற அதே விண்டர்தூர் ஃபேக்டரியிலேர்ந்து! உங்க பொண்ணுக்கு ஒரு வேலை குடுங்க, ஜெர்மாட் ஸ்டேஷன்ல தலைக்கு மேல பாத்து கம்பியை எண்ணச் சொல்லுங்க. ரெண்டு இருக்கும். மூணு ஃபேஸ் கரண்ட், மூணாவது ஃபேஸ் தண்டவாளம். இறங்குற ரயிலோட மோட்டார் பிரேக் போடும்போது கரண்ட் உண்டாக்கி லைனுக்கே திருப்பி அனுப்பும், ஏறுற ரயிலுக்கு அது உதவும்.

சரி, அம்மா. 3,089 மீட்டரும் சின்ன உயரம் இல்ல, அதனால கெளம்புறதுக்கு முன்னாடி அவங்க பாக்குற டாக்டர்கிட்ட "இத்தனை மீட்டர், ரெண்டு மணி நேரம்"னு நம்பரோட சொல்லி கேட்டுருங்க, சும்மா "மலைக்கு போறோம்"னா டாக்டர் ஊட்டின்னு நினைச்சு தலையாட்டிருவார். மாத்திரையை நிறுத்தக் கூடாது, அவரா மாத்தச் சொன்னாத்தான். உயர நோய்ன்னு சொல்ற தலைவலி, குமட்டல் எல்லாம் பொதுவா மேல போய் ஆறு மணி நேரத்துக்கு அப்புறம்தான் தலைகாட்டும், நீங்க அதுக்குள்ள இறங்கிருவீங்க. ஆனா மூச்சு வாங்குறதும் தலை கிர்ருன்னு வர்றதும் உடனே வரலாம். ஸ்டேஷன்லேர்ந்து மொட்டை மாடி மாதிரி இருக்கிற பார்வை மேடைக்கு கொஞ்சம் ஏத்தம் இருக்கு, அங்கதான் நம்மாளுங்க போட்டோ எடுக்கற வேகத்துல ஓடுவாங்க. அம்மாவைப் பத்து அடிக்கு ஒரு தடவை நிறுத்தி நிறுத்திக் கூட்டிட்டுப் போங்க, பேச்சு குடுங்க, ஒரு வாக்கியம் முழுசா மூச்சு வாங்காம பேச முடிஞ்சா சரி. நெஞ்சுல இறுக்கம், வாந்தி, தடுமாற்றம்னா யோசிக்காம உடனே ஸ்டாஃப்கிட்ட சொல்லிட்டு அடுத்த ரயில்ல கீழ. ரயில் அரை மணிக்கு ஒண்ணு வாக்குல இருக்கு, பயம் வேண்டாம்.

பையனுக்கு காது அடைக்கும், ஏறும்போதும் இறங்கும்போதும் தண்ணி பாட்டிலோ மிட்டாயோ குடுத்துக்கிட்டே இருங்க. எல்லாருக்கும் கூலிங் கிளாஸ் கட்டாயம், பனியில வெயில் கீழேர்ந்தும் அடிக்கும்.

நடுவுல ரோட்டன்போடன் ஸ்டேஷன்ல இறங்கி பத்து நிமிஷம் கீழ நடந்தா ரிஃபெல்ஸேன்னு ஒரு குட்டி ஏரி, காத்து இல்லாதப்ப மாட்டர்ஹார்ன் தலைகீழா தண்ணிக்குள்ள நிக்கும். போட்டோல பாத்திருப்பீங்க. ஆனா திரும்ப ஸ்டேஷனுக்கு ஏறணும், முட்டி வலிக்காரங்களுக்கு வேண்டாம். அம்மாவையும் பையனையும் உங்க வீட்டுக்காரர்கூட மேல உக்கார வெச்சுட்டு நீங்களும் பொண்ணும் போயிட்டு வாங்க, நடுவுல இறங்கி அடுத்த ரயிலைப் பிடிச்சுக்கலாம்.

இப்ப காசு. அஞ்சு நாளும் ஊர் ஊரா ரயில்ல சுத்துறதா இருந்தா சுவிஸ் டிராவல் பாஸ் (அத்தனை நாளும் நாடு பூரா ரயில்ல போகலாம்), பெரும்பாலும் தங்கச்சி வீட்லதான்னா ஹாஃப் ஃபேர் கார்டு (டிக்கெட் பாதி விலைக்கு), ரெண்டுக்குமே கோர்னர்கிராட்ல பாதி டிக்கெட்தான் (யுங்ஃப்ராவ்ல டிராவல் பாஸுக்கு கால்வாசி தள்ளுபடிதான், அதுவும் கிரிண்டல்வால்ட், வெங்கனுக்கு மேல). ஃபேமிலி கார்டு கேட்டு வாங்குங்க, அது இலவசம், 6லேர்ந்து 15 வயசு வரைக்கும் அப்பா அம்மா கூட வர்ற பிள்ளைங்களுக்கு டிக்கெட் வேண்டாம். பையன் ஆறுக்குக் கீழ, அவனுக்கு எப்படியும் ஃப்ரீ. ஹாஃப் ஃபேர் எடுத்தீங்கன்னா ஒரு தந்திரம் இருக்கு: சேவர் டே பாஸ்னு ஒண்ணு, முன்னாடியே எடுத்தா விலை கம்மி, அது தேதியைத்தான் கட்டும், மலையைக் கட்டாது. அதாவது அந்த ஒரு நாளுக்கு நாடு பூரா ரயில், அடிவாரம் வரைக்கும், எந்த அடிவாரம்னு நீங்க காலைல சொல்லிக்கலாம். மலை டிக்கெட்டை அங்க போய் எடுங்க, இல்ல ரயில்ல உக்காந்து எஸ்.பி.பி (SBB, சுவிஸ் ரயில்வே) ஆப்ல எடுங்க.

காலைல அஞ்சு மணிக்கு எழுந்ததும் கோர்னர்கிராட் வெப்கேமைத் திறங்க, இருட்டா இருந்தாலும் நட்சத்திரமோ மலை விளிம்போ தெரியும், மீட்டியோஸ்விஸ்னு வானிலை ஆப் இருக்கு, அதையும் பாருங்க. தங்கச்சி வீட்டு ஜன்னலைப் பாத்து மட்டும் முடிவு பண்ணிராதீங்க! அக்டோபர்ல ஜூரிச் பக்கம் மூடுபனி பாய் விரிச்ச மாதிரி படுத்துக் கிடக்கும், அதுக்கு மேல வெயில் பளீர்னு அடிச்சுட்டு இருக்கும். ஜெர்மாட்டைச் சுத்தி நாலாயிரம் மீட்டர் மலைங்க காவல் நிக்கிறதால வடமேற்குலேர்ந்து வர்ற மேகம் முதல்ல யுங்ஃப்ராவ் பக்கம் கொட்டிட்டு இங்க வர்றப்ப களைச்சுப் போயிருக்கும், மேகம் இத்தாலிப் பக்கத்துலேர்ந்து வந்தாத்தான் கோர்னர்கிராட்டுக்கு ஆகாது. அப்படி தெற்குல அடைச்சுக்கிச்சுன்னா கவலைப்படாம ரிகிக்குப் போங்க, ஆர்த் கோல்டாவ் வழியா ஜூரிச்லேர்ந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள உச்சி. 1,798 மீட்டர்தான், அம்மாவுக்கு சுலபம், டிராவல் பாஸ்னா முழுக்க இலவசம், ஐரோப்பாவோட முதல் பல்சக்கர மலை ரயில் 1871ல ஏறினதும் இந்த ரிகியிலதான் (ஃபிட்ஸ்னாவ் பக்கத்துலேர்ந்து). பனியைத் தொடறது மட்டும் அங்க அக்டோபர்ல சந்தேகம். கோர்னர்கிராட்லயும் பனியாறு கீழ ஆழத்துல இருக்கு, ஆனா நிழல் விழுற எடத்துல புதுப் பனி இருக்க வாய்ப்பு நல்லாவே உண்டு.

ஜூரிச்ல ஆறு மணி வாக்குல ஏறினா மூணேகால் மணி நேரத்துல ஜெர்மாட், விஸ்ப்ல ஒரே ஒரு தடவை மாறணும், நேரம் கம்மி, ஸ்ட்ரோலரை முன்னாடியே கதவுகிட்ட கொண்டு வந்துருங்க. விஸ்ப்லேர்ந்து போறப்ப ராண்டான்ற ஊருக்குப் பக்கத்துல வலது பக்கம் ஒரு பெரிய கல் குவியல் தெரியும், 1991ல மலையே சரிஞ்சு விழுந்தது அது. ஜெர்மாட்ல இறங்கி ரோட்டைத் தாண்டினா கோர்னர்கிராட் ஸ்டேஷன். பத்து மணிக்குள்ள மேல போற ரயில்ல உக்காந்துருங்க, மத்தியானத்துக்கு மேல உச்சிகளைச் சுத்தி மேகம் திரள ஆரம்பிச்சுரும்.

சாப்பாடு, அம்மா புரட்டாசி விரதம்னு எழுதியிருக்கீங்க. மேல ரெஸ்டாரண்ட்ல சைவம் கிடைக்கும், ஆனா வெஜிடபிள் சூப்புனாலும் எந்தத் தண்ணில கொதிக்க வெச்சாங்கன்னு கேட்டுட்டுத்தான் வாங்கணும், மாட்டு எலும்புச் சாறு ஊத்துற பழக்கம் இந்த ஊர்ல உண்டு. தங்கச்சியை புளிசாதம் கட்டச் சொல்லுங்க. தயிர்சாதம் வேண்டாம், மேல அஞ்சு டிகிரியில யாரும் தொட மாட்டாங்க. திரும்பி வர்ற ரயில்ல பிரிச்சு சாப்பிட யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.